52-ஆம் பிரிவும் ஏழாம் நாளும்

புதுக்கோட்டை மாவட்டம் மீமிசல் பக்கம் ஒருவர் சனிக்கிழமை வேலைக்கு வர மாட்டேன் என்று சொன்னால், அதற்கு அவர் கொடுக்க வேண்டிய விலை வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று விளங்காது. ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் துறைகளில் விசைப்படகுகள் எல்லா நாளும் கடலுக்குப் போவதில்லை. நாட்டுப்படகுக்காரர்களோடு தகராறு வரக்கூடாது என்று நாள் பிரித்திருக்கிறார்கள். விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி. வாரத்தில் மூன்றே நாள் தொழில், அதில் ஒன்று சனிக்கிழமை. ஐஸ் ஏற்றாமல் எந்தப் படகும் கிளம்பாது. வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது ஐஸ் கம்பெனி வாசலில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். வக்கீலான என்னிடம் வந்த கட்சிக்காரர் அந்த நேரத்தில்தான் வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புகிறவர்.

அவர் ஒரு ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் ஆப்பரேட்டர். அம்மோனியா ஓடும் குழாய்களின் அழுத்தத்தைக் கவனித்து, உப்புநீர்த் தொட்டியின் குளிர்ச்சி குறையாமல் பார்த்துக்கொள்கிற வேலை. கண் அசந்தால் ஆபத்து. சபையில் அவர் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட். வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி சூரியன் மறைவது வரை அவருக்கு ஓய்வுநாள். யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தில் உள்ள நான்காம் கற்பனையை அவர் ஒரு வாரமும் தள்ளி வைத்ததில்லை. இன்னொரு ஆப்பரேட்டர் கத்தோலிக்கர், ஞாயிறு பூசைக்குப் போகிறவர். இருவரும் நாள் மாற்றிக்கொண்டார்கள். பல ஆண்டுகள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

2018-இல் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஆம் தேதி முடிந்து படகுகள் இறங்கியபோது கம்பெனிக்குப் புது மேனேஜர் வந்திருந்தார். வெள்ளி இரவும் சனிக்கிழமையும் இரண்டு ஆப்பரேட்டர்களும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். என் கட்சிக்காரர் போகவில்லை. கீழ்ப்படியாமை, அனுமதியின்றி வராமை என்று சார்ஜ் மெமோ வந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் என்னிடம் வந்தார்.

நான் ஞாயிறு ஆராதனைக்குப் போகிறவன். எந்த நாள் என்பதில் எனக்கும் அவருக்கும் கருத்து ஒன்றல்ல. அதை முதல் நாளே சொன்னேன். "நாள் விஷயத்துல நீங்க எனக்கு வாதாட வேண்டாம் சார். வேலை விஷயத்துல வாதாடுங்க" என்றார்.

சிலர் இதை எங்கிருந்தோ வந்த புதுப் பழக்கம் என்று நினைக்கிறார்கள். அட்வென்டிஸ்ட் சபை 1863-இல் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் அமைப்பானது உண்மைதான். ஆனால் அந்தச் சபை தமிழ்நாட்டுக்கு வருவதற்கு முன்பே, நாசரேத்துக்குப் பக்கத்தில் பிரகாசபுரத்தில் அருமைநாயகம் சட்டம்பிள்ளை 1857-இல் மிஷனரிகளை விட்டுப் பிரிந்து ஏற்படுத்திய இந்து கிறிஸ்தவ சபை சனிக்கிழமையைத்தான் ஓய்வுநாளாக ஆசரித்தது. வேதத்தைத் தானே திறந்து படித்து, வெள்ளைக்கார ஐயர்மார் சொன்ன நாளை ஏற்காமல், படித்தபடி நடந்த தமிழர்கள் அவர்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அட்வென்டிஸ்ட் ஊழியர்கள் அங்கே வந்து பார்த்தபோது, ஏழாம் நாளைக் காக்கிற ஒரு கூட்டம் ஏற்கெனவே அங்கே இருந்தது.

வழக்குக்கு வருகிறேன். அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு மனசாட்சிச் சுதந்திரம் தருகிறது. ஆனால் அது அரசை நோக்கிப் பேசுகிற உரிமை. தனியார் ஐஸ் கம்பெனி மீது அதை வைத்து ரிட் போட்டு உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனால், முதல் கேள்வியிலேயே வழக்கு நின்றுவிடும். நான் போய் நின்ற இடம் அப்போது நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம், 52-ஆம் பிரிவு. வாரத்தின் முதல் நாளான ஞாயிறு விடுமுறை என்பது அதன் பொது விதி. ஆனால் ஞாயிறுக்கு முந்திய மூன்று நாளிலோ பிந்திய மூன்று நாளிலோ ஒரு முழு நாளை விடுமுறையாகக் கொடுத்துவிட்டு ஞாயிறன்று வேலை வாங்கலாம். ஆய்வாளருக்கு அறிவிப்பு அனுப்பி, தொழிற்சாலையிலும் அதை ஒட்ட வேண்டும். தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் விடுமுறையில்லாமல் வேலை வாங்கக்கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை. சனி என்பது ஞாயிறுக்கு முந்திய நாள். என் கட்சிக்காரர் கேட்டதைச் சட்டம் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தது.

கம்பெனி தரப்பில், பத்துப் பேருக்குக் குறைவாகத்தான் ஆள் இருக்கிறார்கள், எனவே இது தொழிற்சாலையே அல்ல என்று ஒரு வாதம் கிளம்பியது. ஐஸ் ஏற்றுகிற ஒப்பந்தக் கூலிகளும் கணக்கில் சேருவார்கள் என்று பதில் எழுதினோம். கூடவே, அலுவலக அறையில் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்த தொழிற்சாலை உரிமத்தின் எண்ணையும் எழுதினோம். அதன் பிறகு அந்த வாதம் எழவில்லை.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் அவர் வேதனைப்பட்டது, நல்ல எண்ணத்தோடு வந்த யோசனைகளால்தான். "பிபி இருக்குன்னு ஒரு மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கிக் குடுத்துரு, வெள்ளிக்கிழமை நைட் ஷிஃப்ட் வேண்டாம்னு டாக்டரே எழுதிருவாரு" என்றார்கள் கூட வேலை பார்த்தவர்கள். மேனேஜரே கூட அதை ஏற்றுக்கொள்வதாக ஆள் விட்டுச் சொன்னார். வீட்டில் மகளிர் குழுக் கடன், பையனுக்குப் பள்ளிக் கட்டணம். ஒரு பொய்த்தாள் போதும், எல்லாம் தீர்ந்துவிடும்.

அவர் மறுத்தார். தானியேல் புத்தகத்தின் 6-ஆம் அதிகாரத்தைச் சொன்னார். ராஜாவைத் தவிர வேறு யாரிடமும் விண்ணப்பம் பண்ணக்கூடாது என்ற கட்டளை முப்பது நாளைக்குத்தான். தானியேல் சன்னலை மூடிக்கொண்டு உள்ளே ஜெபம் பண்ணியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அவர் மூடவில்லை. "பொய் சொல்லிக் காப்பாத்துற ஓய்வுநாள் யாருக்கு சார்? நாலாம் கற்பனைக்காக ஒன்பதாம் கற்பனைய உடைக்கிறதா?" என்று கேட்டார். அவர் மனைவி கருவாட்டு வியாபாரம் செய்கிறவர். சனிக்கிழமை கூடை எடுக்காதவர். நெகேமியா எருசலேமின் வாசல்களைப் பூட்டியபோது உள்ளே வரமுடியாமல் நின்றவர்களில் மீன் கொண்டு வந்த தீரு பட்டணத்தாரும் இருந்திருப்பார்கள் என்பதை எனக்கு எடுத்துச் சொன்னவர் அந்த அம்மாதான். "நட்டம் பழசு சார். அப்பவே எழுதியிருக்கு" என்றார்.

கடைசிக் காலத்தைப் பற்றியும் பேசினோம். அவர்கள் சபையின் போதனையில், முடிவுக்கு முன் வருகிற பெரிய சோதனை வணக்கத்தைப் பற்றியது. வெளிப்படுத்தின விசேஷம் 13-ஆம் அதிகாரத்தில், மிருகத்தின் முத்திரை இல்லாதவன் வாங்கவும் விற்கவும் முடியாமற்போகும் காலம் சொல்லப்பட்டிருக்கிறது. 14-ஆம் அதிகாரத்தில், தேவனுடைய கற்பனைகளைக் காத்துப் பொறுமையோடு நிற்பவர்கள் சொல்லப்படுகிறார்கள். அந்தச் சோதனையில் ஓய்வுநாளே உரைகல்லாக இருக்கும் என்று அவர்கள் நம்புகிறார்கள். சபையில் ஓர் இளைஞர் உணர்ச்சிவசப்பட்டு, அந்த மிருகத்தின் வேலையைத்தான் ஐஸ் கம்பெனி செய்கிறது என்று பேசியிருக்கிறார். என் கட்சிக்காரர் அவரைக் கண்டித்தார். என்னிடம் சொன்னது இது: "எங்க முதலாளி மிருகம் இல்ல சார். எனக்கு இத்தனை வருஷம் சோறு போட்டவரு. ஆனா அந்த நாள் வந்தா நிக்கணும்னா, இந்த மாதிரி நாள்லதான் நிக்கப் பழகணும்."

அந்த வாரங்களில் நான் திரும்பத் திரும்பப் படித்தது ஷெர்பர்ட் வழக்கு. அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஸ்பார்ட்டன்பர்க் ஊர் ஜவுளி ஆலைத் தொழிலாளி அடெல் ஷெர்பர்ட். 1957-இல் அட்வென்டிஸ்ட் ஆனார். அப்போது ஆலையில் வாரம் ஐந்து நாள் வேலை. 1959-இல் சனியையும் சேர்த்து ஆறு நாளாக்கினார்கள். மறுத்தார், வேலை போயிற்று. வேறு ஆலைகளிலும் சனிக்கிழமை இல்லாத வேலை கிடைக்கவில்லை. வேலையில்லாக் கால உதவித்தொகையையும் மாநிலம் மறுத்தது. 1963 ஜூன் 17 அன்று உச்சநீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் நீதிபதி பிரென்னன். அவசர காலத்திலும் ஞாயிறு ஆசரிப்பவரை ஆலை வேலைக்குக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று அதே மாநிலம் சட்டம் வைத்திருந்ததை அவர் சுட்டிக்காட்டினார். பெரும்பான்மையின் ஓய்வு சட்டமாகிவிடுகிறது. சிறுபான்மையின் ஓய்வு மட்டும் கீழ்ப்படியாமை ஆகிவிடுகிறது. இங்கும் அதுவே நடந்தது. நம் நாட்டில் 1986 ஆகஸ்ட் 11 அன்று பிஜோ இம்மானுவேல் வழக்கில் உச்சநீதிமன்றம் கேரளத்துப் பிள்ளைகள் மூவரை மறுபடி பள்ளியில் சேர்க்கச் சொன்னதும் நினைவுக்கு வந்தது. யெகோவாவின் சாட்சிகளான அவர்கள் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. ஒரு நம்பிக்கை நமக்குச் சரியாகப் படுகிறதா என்று அந்தத் தீர்ப்பு கேட்கவில்லை. அது உண்மையாகவும் மனமாரவும் கொண்டதா என்றே கேட்டது. நீதிபதி சின்னப்ப ரெட்டி வகுத்த அந்த அளவுகோலை வைத்துத்தான் என் கட்சிக்காரரை விசாரணைக்குத் தயார் செய்தேன்.

உள்விசாரணையில் அவருடைய மனதின் உண்மையைத்தான் உடைக்கப் பார்த்தார்கள். 2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. எங்கள் மாவட்டம் மின்சாரம் இல்லாமல் இருளில் கிடந்தது. மறுநாள் சனிக்கிழமை, கம்பெனி கூரைத் தகடுகள் பெயர்ந்து குழாய்மேல் விழுந்து கிடப்பதாகக் கேள்விப்பட்டு, பணிநீக்கத்தை எதிர்நோக்கி நின்ற அந்த மனிதர் தானாகவே போய் அம்மோனியா வால்வுகளை அடைத்துவிட்டு வந்தார். விசாரணையில் அதையே எடுத்து வீசினார்கள். அந்தச் சனிக்கிழமை மட்டும் எப்படி வேலை செய்தாய் என்று கேட்டார்கள். நான் உடனில்லை. அந்த விசாரணையில் வக்கீலை அனுமதிக்கவில்லை. பதிவில் அவர் பதிலைப் பின்னால் படித்தேன். ஓய்வுநாளில் குழியில் விழுந்த ஆட்டைத் தூக்கிவிடலாம் என்று இயேசு சொன்னதை எடுத்துக் கூறியிருந்தார். சுற்றிலும் குடியிருக்கிறவர்களின் உயிருக்காகப் போனேன், சம்பளத்துக்காகப் போகவில்லை, அன்றைய நாளுக்குக் கூலி கேட்கவும் இல்லை என்று சொல்லியிருந்தார். ஓய்வுநாள் எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை என்பதை இதைவிடத் தெளிவாக நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

ஆனாலும் வேலையை விட்டு நீக்கினார்கள். 2019-இல் தொழில் தகராறு சட்டத்தின் 2-ஏ பிரிவில் புதுக்கோட்டையில் சமரசத்துக்கு மனு போட்டோம். சமரசப் பேச்சிலும் வக்கீலுக்கு இடமிருக்கவில்லை. அந்தச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு தடுத்தது. நான் மனுவை எழுதிக் கொடுத்துவிட்டு வராந்தாவில் நின்றேன்.

அந்த வராந்தாவில் முதலாளியின் தாய்மாமா வந்து உட்கார்ந்தார். வயதானவர், மார்க்கம் படித்தவர். வழக்கு என்ன என்று என்னிடமே கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, குர்ஆனின் 7-ஆம் அத்தியாயம் அல்அஃராஃபில் வருகிற கடலோர ஊரைப் பற்றிச் சொன்னார். சனிக்கிழமையில் மீன் பிடிக்கக்கூடாது என்று விதிக்கப்பட்ட மக்கள். அந்த நாளில் மட்டும் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து கண்ணுக்குத் தெரியும். மற்ற நாளில் வராது. அது அவர்களுக்கு வைத்த சோதனை. பலர் வரம்பு மீறினார்கள், சிலர் எச்சரித்தார்கள். முதலாளி வெளியே வந்தபோது பெரியவர் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்தார். "மாப்ள, அந்த நாள் நமக்குக் கடமை இல்ல. தனக்குக் கடமைன்னு நம்புறவனைக் கூட்டிட்டு வந்து நாம வரம்பு மீற வைக்கணுமா? நீ வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குக் கம்பெனிய நிறுத்துறவன்தானே?" என்றார். ஜும்ஆவை வாதமாக வைக்கலாமா என்று நானும் யோசித்ததுண்டு. எதிர்த்தரப்பு வாயிலிருந்து வந்தால் அது குத்தலாகிவிடும் என்று விட்டிருந்தேன். சொல்ல உரிமை உள்ளவர் சொன்னபோது அது புத்திமதியாக இறங்கியது.

அடுத்த அமர்வில் அதே சட்டத்தின் 12(3) பிரிவின்படி ஒப்பந்தம் கையெழுத்தானது. பணித் தொடர்ச்சியோடு மீண்டும் வேலை. சனிக்கிழமை வார விடுமுறை, ஞாயிறு முழு ஷிஃப்ட். வெள்ளியன்று காலை ஷிஃப்ட், சூரியன் மறையும் முன் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். இடைக்காலச் சம்பளத்தில் பாதி. முழுச் சம்பளத்துக்கும் தொழிலாளர் நீதிமன்றம் போகலாம் என்று சொன்னேன், அவர் வேண்டாம் என்றார். ஒரு ஷரத்தை அவரே கேட்டுச் சேர்த்தார். உயிருக்கு ஆபத்து என்றால் எந்த நாளானாலும் வருவேன், அது சனிக்கிழமையானால் கூலி வாங்க மாட்டேன் என்பது அது.

இதே கஷ்டத்தோடு இப்போது என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வேலையில் சேரும்போதே ஓய்வுநாளைச் சொல்லிவிடுங்கள், எழுத்தில் கொடுங்கள். விடுப்பை மட்டும் கேட்காமல் மாற்று நாளில் உழைக்கத் தயார் என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். மற்ற ஆறு நாளும் உங்கள் வேலையில் குறை சொல்ல இடம் வைக்காதீர்கள். பொய்ச் சான்றிதழ் வாங்காதீர்கள். அதை வாங்கிய பிறகு நம்பிக்கையின் பெயரால் எந்த வக்கீலும் உங்களுக்காக நிற்க முடியாது. எதிரே இருப்பவரை அந்திக்கிறிஸ்து என்று பழிக்காதீர்கள். நாளைக்கு அவர்தான் கையெழுத்துப் போட வேண்டியவர்.

கடைசிக் காலம் எப்போது, எந்த உருவில் வரும் என்று பலரும் பேசுகிறார்கள். என் கட்சிக்காரர் அதைத் தன் நடத்தையில் காட்டினார். வாங்கவும் விற்கவும் தடை வருகிற பெரிய நாளில் உறுதியாக நிற்கப் போகிறவர்கள், சம்பளம் குறைகிற ஒரு சாதாரண வெள்ளிக்கிழமையில் உறுதியாக நின்றவர்களாகத்தான் இருப்பார்கள். ஆராதனை நாளில் நான் இன்றும் அவரோடு உடன்படவில்லை. ஆனால் தேவனுக்கு உண்மையாயிருப்பது என்றால் என்ன என்று யாராவது கேட்டால், ஞாயிறு ஆராதனைக்குப் போகிற நான் சனிக்கிழமையைக் காத்த அவரைத்தான் சாட்சியாகக் கூப்பிடுவேன்.