பேக்சைடு என்றால் ஏன் சிரிக்க வேண்டும்?

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

நம் சென்னீர்குப்பத்தில் யாரிடம் வழி கேட்டாலும் ஒரு பேக்சைடு வராமல் இருக்காது. "கோயில் பேக்சைடுல மூணாவது வீடு", "பங்க் பேக்சைடு வந்துட்டு போன் பண்ணுங்க". கல்யாணப் பத்திரிகையில்கூடப் பார்த்திருக்கிறேன். பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் எங்கே போனாலும் இதே கதைதான். பேக் கேட், பேக் வீல், பேக் சீட்டு எல்லாம் தமிழாகவே ஆகிவிட்டன.

போன மாதம் என்னிடம் படித்த பையன் ஒருவன் போன் செய்தான். பெயர் வேண்டாம். சரக்கு அனுப்பும் கம்பெனியில் வேலை, வெளிநாட்டுக்காரர்களோடு கம்ப்யூட்டரில் மீட்டிங் இருக்குமாம். லாரியை குடோனுக்குப் பின்னால் நிறுத்தி இறக்கச் சொல்வதற்கு "பேக்சைடு" என்று சொல்லியிருக்கிறான். அந்தப் பக்கம் சிரிப்பு. அதைவிட, இந்தப் பக்கம் இருந்த நம் ஊர்க்காரர்கள் இன்னும் அதிகமாகச் சிரித்திருக்கிறார்கள். "அதுலேர்ந்து மைக்கை ஆஃப் பண்ணிட்டுதான் டீச்சர் உட்காந்திருக்கேன். டீம் லீடர் போஸ்ட் குடுக்கறாங்க, வேணாம்னு எழுதிக் குடுத்துடலாமான்னு பாக்கறேன்" என்றான்.

எனக்குத் தூக்கமே வரவில்லை. ஒரு வார்த்தைக்காக ஒரு பிள்ளை வாயை மூடிக்கொள்வதா?

அவனிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். இன்றைய இங்கிலாந்து, அமெரிக்கா பேச்சில் பேக்சைடு என்றால் நாம் உட்காருகிற இடம், உண்மைதான். ஆனால் பழைய ஆங்கிலத்தில் அது பின்பக்கம் என்கிற சாதாரண வார்த்தை. வீட்டுக் கொல்லையையும் அப்படித்தான் சொன்னார்கள். 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் யாத்திராகமம் 3-ஆம் அதிகாரம் முதல் வசனத்தைப் பாருங்கள். மோசே ஆடு மேய்த்துக்கொண்டு போனது பாலைவனத்தின் பேக்சைடுக்குத்தான். அவர்கள் கைவிட்ட வழக்கு நம்மிடம் உயிரோடு இருக்கிறது, அவ்வளவுதான்.

அதற்காக மீட்டிங்கில் அதையே சொல் என்று நான் சொல்லவில்லை. வேலை நடக்க வேண்டும். பிஹைண்ட் என்று ஒன்று, அட் த பேக் ஆஃப் என்று ஒன்று. இரண்டும் ஒன்றல்ல. பிஹைண்ட் த பஸ் என்றால் பஸ்ஸுக்குப் பின்னால், அதாவது ரோட்டில். அட் த பேக் ஆஃப் த பஸ் என்றால் பெரும்பாலும் பஸ்ஸிலேயே பின்னால், கடைசி சீட்டுப் பக்கம். தமிழில் 'உக்கு', 'இல்' இரண்டும் செய்கிற வேலையை அங்கே இந்தச் சொற்கள் செய்கின்றன. நான்காம் வேற்றுமை, ஏழாம் வேற்றுமை என்று சொல்லிக்கொடுத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? லாரி ரிவர்ஸ் எடுக்கிற இடத்தில் இந்த வித்தியாசம் தெரியாவிட்டால் ஆள் உயிருக்கே ஆபத்து. அலுவலகத் தோரணையில் சொல்ல வேண்டுமானால் ரியர் இருக்கிறது: ரியர் கேட், ரியர் என்ட்ரன்ஸ்.

சிரிக்கிறவர்களுக்கு இன்னொன்று. பீரங்கியின் முன்பக்கம் மஸில். குண்டு போடுகிற பின்பக்கம் ப்ரீச். ஆவடி டாங்கி ஃபாக்டரியில் வேலை பார்த்த அப்பாக்களைக் கேட்டால் சொல்வார்கள். இந்த ப்ரீச் என்ற சொல்லுக்கும் பழைய பொருள் அதே உட்காருகிற இடம்தான்! ப்ரீச்சஸ் என்ற கால்சட்டையும் அந்தக் குடும்பம்தான். பிரசவ ஆஸ்பத்திரியில் குழந்தை தலைக்குப் பதில் பின்பக்கமாகத் திரும்பியிருந்தால் டாக்டர் ப்ரீச் என்றுதான் எழுதுகிறார். துப்பாக்கிக்கு பட். கப்பலின் பின்பக்க மேல்தளத்துக்கு பூப் டெக், அது லத்தீனிலிருந்து வந்த சொல். சின்னப் பிள்ளைகள் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கேப்டன் சிரிப்பதில்லை.

கார் கதை இன்னும் வேடிக்கை. நாம் டிக்கி என்கிறோம், இங்கிலாந்துக்காரர் பூட், அமெரிக்கர் டிரங்க். அந்தக் காலத்தில் நிஜமாகவே டிரங்க் பெட்டியைக் காரின் பின்னால் வாரால் கட்டிக்கொண்டு போனார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. டிக்கி என்பது வண்டிக்குப் பின்னால் வேலைக்காரர்கள் உட்கார வைத்திருந்த சீட்டு. பிறகு காரில் மடக்கித் திறக்கிற பின் சீட்டாயிற்று. சீட்டு போய்விட்டது, நம் ஊரில் பெயர் மட்டும் தங்கிவிட்டது. அந்த டிக்கிக்குள் கிடக்கும் ஸ்டெப்னி, வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற ஊரின் ஒரு தெருப்பெயர். 1904 வாக்கில் அந்தத் தெருவில் மாற்றுச் சக்கரம் செய்தார்கள். இன்று அமெரிக்காவில் போய் ஸ்டெப்னி என்றால் திருதிருவென்று விழிப்பார்கள். அதற்காக நம் மெக்கானிக் கூச்சப்படுகிறாரா என்ன?

எனக்குப் பிடித்தது படகுதான். படகின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் பின்னணியம். மலையாளத்தில் பின்பக்கத்துக்கு அமரம் என்பார்கள். 1991-இல் மம்மூட்டி மீனவராக நடித்த படத்துக்கு அதுதான் பெயர். அமரக்காரன் என்றால் பின்னால் உட்கார்ந்து படகைத் திருப்புகிறவன். ஆங்கில ஸ்டெர்ன் என்ற சொல்லும் திசை திருப்புதல் என்ற பழைய பொருளிலிருந்து வந்ததுதான். ஆக, பின்னால் உட்கார்ந்திருப்பவன் கையில்தான் படகு இருக்கிறது.

தமிழில் பின்புறத்துக்கு எத்தனை சொல் என்று ஒரு சாயங்காலம் எழுதிப் பார்த்தேன். கழுத்துக்குப் பின்னால் பிடரி, கைக்குப் புறங்கை, பாதத்துக்குக் குதிகால், மாட்டுக்குப் பின்னங்கால், வீட்டுக்குக் கொல்லை, புழக்கடை. காசுக்கு ஆங்கிலத்தில் தலையும் வாலும், நமக்குத் தலையும் பூவும். வாலை விடப் பூ அழகு, நான் தமிழ் கட்சி! அடுக்குமாடி வீடு வந்த பிறகு புழக்கடையே இல்லை. என் பேத்திக்கு அந்தச் சொல்லை எதைக் காட்டிச் சொல்வது?

கடைசி பெஞ்சு இல்லாமல் இந்தப் பதிவு முடியாது. இங்கிலாந்து பார்லிமெண்டில் மந்திரி பதவியோ எதிர்க்கட்சியில் அதற்கு இணையான பொறுப்போ இல்லாத உறுப்பினர் பேக்பெஞ்சர். நம்மிடம் அது மக்குப் பையனுக்குப் பட்டப்பெயர். 2024-இல் 'ஸ்தானார்த்தி ஸ்ரீக்குட்டன்' என்ற மலையாளப் படம் வந்தது. அதில் வருவதுபோல் கேரளத்தில் சில பள்ளிகள் பெஞ்சுகளைச் சுவரோரம் சுற்றிப் போட்டு, கடைசி பெஞ்சையே எடுத்துவிட்டன. 2025 ஜூலையில் நம் பள்ளிக்கல்வித் துறையும் 'ப' வடிவில் உட்கார வைக்கச் சொன்னது. பக்கவாட்டில் இருக்கும் பிள்ளைக்குக் கழுத்து வலிக்கும், கரும்பலகை சரியாகத் தெரியாது என்று பேச்சு எழுந்தது. அதுவும் நியாயம்தான். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு 'ப' போட்டுப் பார்த்தால்தான் தெரியும், வாசலை அடைத்துக்கொள்ளும். என் வழக்கம் வேறு. திங்கட்கிழமை தோறும் வரிசையை ஒரு பெஞ்சு நகர்த்துவேன். அந்தப் பையனும் அப்படி எல்லா பெஞ்சிலும் உட்கார்ந்தவன்தான்.

போஸ்ட் விஷயம் இன்னும் முடிவாகவில்லை. வெள்ளிக்கிழமை வரை அவகாசம் கேட்டிருக்கிறானாம். அடுத்த மீட்டிங்கில் மைக்கை ஆன் பண்ணி, ரியர் கேட் என்று ஒரு தடவை சொல்லிவிட்டு எனக்கு போன் செய் என்று சொல்லியிருக்கிறேன்.

தச்சு வேலை, தறி, தையல், லேத் என்று பல தொழிலில் இருக்கிறீர்கள். உங்கள் பட்டறையில் ஒரு பொருளின் பின்பக்கத்துக்கு என்ன பேர் சொல்கிறீர்கள்? கீழே எழுதுங்கள். ஆங்கிலமோ தமிழோ, யாரும் சிரிக்க மாட்டோம்.