எழுதி வைத்த இழப்பு

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் வீதியில், வாகரைக்குத் தெற்கே பனிச்சங்கேணிப் பாலம் வருகிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. ஊரின் பெயரிலேயே பனிச்சை மரமும் கேணியும் இருக்கின்றன. பனிச்சங்காயை இடித்து வலைக்குச் சாயம் போட்ட காலத்தை வயதான அம்மாமார் சொல்வார்கள்.

2004இல் கடல் ஏறி வந்தது. 2006இன் கடைசியிலும் 2007இன் தொடக்கத்திலும் வாகரைப் பக்கத்துச் சனம் யுத்தத்தால் இடம்பெயர்ந்தது. கையில் பிள்ளையும் ஒரு பையும்தான். பிறகு பதிவு செய்யப் போனால், "என்னென்ன இழந்தீர்கள்?" என்ற கேள்வி. அந்த நேரத்தில் பலருக்கு வாய் வருவதில்லை.

பாலத்தடியில் நின்றபோது, இந்தத் தீவின் மேற்குக் கரையில் எல்லாவற்றையும் பறிகொடுத்த ஒரு பழைய பயணி நினைவுக்கு வந்தார். அவர் ஜொவான்னி தே மரிஞோலி. இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்துப் பிரான்சிஸ்கன் துறவி. பாப்பரசர் 12ஆம் பெனடிக்ட், 1338இல் அவரைச் சீனப் பேரரசரிடம் தூது அனுப்பினார். 1342இல் பீக்கிங் சேர்ந்து, சில ஆண்டுகள் தங்கி, கடல் வழியாகத் திரும்பினார். கேரளத்துக் கொல்லத்தில் ஓராண்டுக்கு மேல் இருந்தார். மயிலாப்பூரில் புனித தோமையாரின் கல்லறையைத் தரிசித்தார்.

அதன்பின் புயல் அவரது கப்பலைப் பேருவளையில் ஒதுக்கியது. அங்கே அதிகாரம் செலுத்திய கோஜா ஜகான் முதலில் மரியாதையாக வரவேற்றான். பிறகு "கடன்" என்ற பெயரில், பாப்பரசருக்கென்று கொண்டுபோன பரிசுகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டான். நான்கு மாதம் போகவும் விடவில்லை.

1353இல் அவர் பாப்பரசரிடம் திரும்பினார். பின்னர் பேரரசர் 4ஆம் சார்ள்ஸ் கேட்டதற்கிணங்க பொகீமிய நாட்டு வரலாற்றை எழுதினார். அதன் நடுவே தன் கதையையும் எழுதி வைத்தார். பொன், வெள்ளி, பட்டு, முத்து, இரத்தினம், கற்பூரம், கஸ்தூரி, வாசனைத் திரவியங்கள். பெறுமதி 60,000 மார்க்கு. எடுத்தவன் பெயர் இன்னது. 1768இல் அந்த நூல் அச்சேறும்வரை அதைக் கவனித்தவர் மிகக் குறைவு.

பொருள் அவருக்குத் திரும்பி வரவில்லை. ஆனால், "அப்படியொன்றும் நடக்கவில்லை" என்று இன்று யாரும் சொல்ல முடியாது.

சகோதரிகளே, பாப்பரசரின் தூதுவருக்குக் கேட்டு எழுதுவிக்க ஒரு பேரரசர் இருந்தார். நம்மைக் கேட்பதற்கு ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பிள்ளையின் பழைய அப்பியாசக் கொப்பி போதும். தோணி, வலை, மாடு, தாலிக்கொடி, காணி உறுதி, கலியாணப் படம். எந்தத் திகதி, எந்த இடம், பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதையும் எழுதுங்கள். எழுத வராதவர்கள் மகளிடம் சொல்லி எழுதுவியுங்கள்.

இழந்த மனிதரைப் பொருட்களோடு சேர்க்க வேண்டாம். அவர்கள் ஒவ்வொருவருக்கும் தனிப் பக்கம் விடுங்கள்.