புளியங்கொட்டை அளவில் ஒரு கேடயம்

நாற்பது வயதைத் தாண்டிய ஓர் ஆசிரியர் இரவில் மேசை விளக்கடியில் அமர்ந்து பொம்மைக்கு வர்ணம் பூசுகிறார் என்றால், நாலு பேர் சிரிக்கத்தான் செய்வார்கள். “வாத்தியாருக்குப் பிள்ளைப் பருவம் திரும்பிவிட்டதோ?” என்று தோட்டத்தில் கேட்பவர்களும் உண்டு. என் இல்லத்தரசியோ, “குடியிலும் குதிரைப் பந்தயத்திலும் போகாமல் குதிரை வீரனோடு போகிறாரே, போகட்டும்” என்று விட்டுவிட்டார்.

அந்தப் பொம்மைகள் ஐரோப்பாவின் இடைக்காலப் போர்வீரர்கள். உயரம் சுமார் 28 மில்லிமீட்டர். அவற்றை மேசைமேல் அணி அணியாக நிறுத்தி, அளவுகோலால் தூரம் அளந்து, பகடை உருட்டிப் பழைய போர்களை ஆடிப் பார்ப்பது ஒரு விளையாட்டு. எச். ஜி. வெல்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் பொம்மைப் போருக்கு விதிமுறை வகுத்து 1913-லேயே ஒரு நூல் வெளியிட்டார். பட்டணத்திலுள்ள நண்பர் ஒருவர் மூலம் இந்தப் பழக்கம் என்னையும் தொற்றிக்கொண்டது. ஆனால், ஆட்டத்தைவிட என் மனத்தை ஈர்த்தது கேடயந்தான்.

முகத்தையும் மூடி இரும்புக் கவசம் பூண்டுவிட்டால், யார் எவர் என்று எப்படித் தெரியும்? அதற்காகவே கேடயத்தில் சின்னம் தீட்டும் வழக்கம் 12-ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. தந்தையின் சின்னம் மகனுக்குச் சொத்தாக வந்தது. அதற்கு ஓர் இலக்கணமும் உண்டு. பொன், வெள்ளி இரண்டும் உலோகம். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை முதலியவை நிறம். உலோகத்தின்மேல் உலோகமோ, நிறத்தின்மேல் நிறமோ வரலாகாது. காரணம் எளிது. கரும்பலகையில் நாம் ஏன் வெண்கட்டியால் எழுதுகிறோம்? தூரத்தில் இருப்பவன் கண்ணுக்கும் தெரிய வேண்டுமல்லவா?

சின்னம் என்பது வெறும் அலங்காரமன்று; மானப் பிரச்சினை. 1385-இல் இங்கிலாந்துப் படை ஸ்காட்லாந்துக்குப் புறப்பட்டபோது, ஸ்குரோப், குரோவ்னர் என்ற இரு குடும்பத்தினர் ஒரே சின்னத்தோடு வந்து நின்றனர். நீலத் தளத்தில் சாய்வாக ஒரு பொற்பட்டை! வழக்கு 1390 வரை நீடித்தது. 1386-இல் கவிஞர் சாசர்கூட வந்து சாட்சி சொன்னார். முடிவில் சின்னம் ஸ்குரோப்புக்கே என்று தீர்ப்பாயிற்று.

ஆகவே நூல்களைப் புரட்டி, இன்னாருக்கு இன்ன சின்னம் என்று உறுதி செய்துகொண்ட பிறகே தூரிகையைத் தொடுவேன். முதலில் கறுப்பு அடிப்பூச்சு. அது காய்ந்ததும், நீர் கலந்த வர்ணத்தை மெல்லியதாக இரண்டு முறை பூச வேண்டும். தளம் முதலில், சின்னம் பிறகு. புளியங்கொட்டை அளவுக் கேடயத்தில் ஒரு சிங்கத்தை வரைய மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது!

சின்னம் இல்லாததால் உயிர் போன கதையும் உண்டு. 1415 அக்டோபர் 25-இல் பிரான்சில் அஜின்கோர்ட் போர் நடந்தது. பிரெஞ்சுத் தரப்பில் பிரபான்ட் கோமகன் அந்துவான் தாமதமாக வந்து சேர்ந்தார். அவருடைய மேலங்கி வந்தபாடில்லை. எக்காளக் கொடித்துணி ஒன்றில் ஓட்டையிட்டுத் தலையில் மாட்டிக்கொண்டு களத்தில் குதித்தார், பிடிபட்டார். பெரும் மீட்புப் பணம் தரக்கூடிய கோமகன் என்று அறியாமலே அவரைக் கொன்றுவிட்டார்கள் என்பர்.

கோமகன் கதி இதுவென்றால், சின்னமே இல்லாத ஏழையின் கதி என்ன? அன்று ஐந்தாம் ஹென்றி மன்னரின் படையில் பெரும்பகுதி வில்லாளிகள். வில்லாளிக்கு நாள் சம்பளம் 6 பென்ஸ். கவச வீரனுக்கு 12 பென்ஸ். மாண்ட பிரபுக்களைச் சின்னம் பார்த்து அடையாளம் கண்டார்கள். வில்லாளிக்கு அந்தப் பாக்கியம் ஏது?

ஆனாலும் அவன் பெயர் அடியோடு அழிந்துவிடவில்லை. படைக்கு ஆள் கணக்கெடுத்துச் சம்பளம் கொடுப்பதற்காக எழுதிய பெயர்ப் பட்டியல்கள் பல, இங்கிலாந்தின் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. நம் தோட்டத்துப் பேச்சில் சொன்னால், செக்ரோல்! கிராணி எழுதிய கணக்கு, 600 ஆண்டுகளுக்குப் பின் ஏழை மகனுக்குச் சாட்சி சொல்கிறது.

அதைப் படித்த அன்று எனக்கு நெஞ்சு கனத்தது. என் தாத்தாவின் பெயரும் ஒரு செக்ரோலில்தான் இருந்தது. அந்தத் தோட்டம் கைமாறியது. ரப்பர் மரங்கள் போயின. அந்த ஏடுகள் எங்கே போயினவோ!

இப்போதெல்லாம் கோமகனுக்குச் செலவிடும் அதே நேரத்தை ஒவ்வொரு வில்லாளிக்கும் செலவிடுகிறேன். அவனுடைய கிழிந்த காற்சட்டைக்கும் ஒரு நிறம் உண்டல்லவா?

அன்பான தோட்டத்து மக்களே, நம் முன்னோருக்குக் கேடயமும் இல்லை, சிங்கமும் இல்லை. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களை உட்கார வைத்து, தாத்தா பாட்டி பெயர், வந்த ஊர், வெட்டிய தோட்டம், செய்த வேலை எல்லாவற்றையும் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். நமக்கு அதுவே குலச்சின்னம்.