மடிக்கும் மெசினும் மெழுகுத் தோட்டாவும்

துவக்கு இருந்த வீடுகளில் தோட்டாவையும் வீட்டிலேயே நிரப்பினார்கள் என்பது மன்னார்க் கரையில் உள்ள எங்கள் ஊர் கொண்டச்சியின் பெரியவர்களுக்குத் தெரிந்த சங்கதி. எதைக்கொண்டு நிரப்பினார்கள் என்று கேட்டால்தான் ஆளுக்கொரு கதை. "அதுக்கெண்டு ஒரு மெசின் இருந்தது" என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது நாங்கள் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு புத்தளம் போனோம். ஊரில் விட்டுவந்த சாமான்கள் எதுவும் மிஞ்சவில்லை.

புத்தளத்துப் பழைய இரும்புக்கடை ஒன்றில்தான் அப்படியொரு மெசினைக் கண்டேன். ஒரு சாண் நீளம், பித்தளை உடம்பு, சுற்றுவதற்கு இரும்புக் கைப்பிடி, மேசை விளிம்பில் இறுக்க அடியில் ஒரு திருகு. கடைக்காரர் இறைச்சி அரைக்கும் மெசினின் துண்டென்று நினைத்து, கிலோக் கணக்கில் விலை சொன்னார்.

திருகு துருப்பிடித்து இறுகியிருந்தது. சுத்தியல் போட்டால் வார்ப்புப் பித்தளை வெடிக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தே கழற்றினேன். தேங்காயெண்ணெய் விடச் சொன்னார்கள். அது நாட்பட்டால் பிசினாகிவிடும், தையல் மெசின் எண்ணெய்தான் சரி. பலகையில் பூட்டிச் சுற்றியபோது முன்தலை ஆடியது. தண்டு உட்காரும் துளை தேய்ந்து அகன்றிருந்தது. மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி இடைவெளியில் செருகினேன், ஆட்டம் நின்றது. புளி போட்டுத் துலக்கியதும் உடம்பில் ஓர் ஊதுகொம்பின் முத்திரை தெளிந்தது.

அந்த முத்திரை இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரத்து ஜேம்ஸ் டிக்சன் நிறுவனத்துடையது. வெடிமருந்துக் குடுவை, ரவைப் பை என்று வேட்டைக்காரருக்கான சாமான்களைச் செய்து பேர் வாங்கியவர்கள். முன்பெல்லாம் துவக்கின் வாய் வழியாக மருந்தையும் ரவையையும் போட்டு இடிப்பதுதான் வழக்கம். 1830களில் பாரிஸின் காசிமிர் லெஃபோஷு பின்பக்கம் திறக்கும் துவக்கையும் அதற்கேற்ற தோட்டாவையும் கொண்டுவந்தார். 1861இல் லண்டனின் ஜோர்ஜ் டோ, அடியின் நடுவில் கேப்பு வைத்த தோட்டாவை விற்கத் தொடங்கினார். வெறுந்தோட்டாவைக் கடையில் வாங்கி மருந்து, அடைப்பு, ரவை, மேலே ஒரு வட்ட அட்டை என்று வீட்டு மேசையிலேயே நிரப்புவது வேட்டைக்காரரின் மாலைநேர வேலையானது. கடைசி வேலை கடதாசிக் குழாயின் விளிம்பை உள்ளே மடிப்பது. மெசின் அதற்குத்தான்: இடக்கை தோட்டாவைத் தலையோடு நெருக்கிப் பிடிக்கும், வலக்கை சுற்றும், தலைக்குள் இருக்கும் சிறு முளை விளிம்பைச் சுருட்டி மடித்துவிடும்.

இவ்வளவும் விளங்கியபிறகு ஒரு சிக்கல். ஊர் திரும்பி வளவுக் காட்டை வெட்டியபோது எனக்குக் கிடைத்த கோது கடதாசி அல்ல, தடித்த பித்தளை. 12 போர், ஒரு இறாத்தல் ஈயத்தில் பன்னிரண்டு உருண்டை செய்தால் ஓர் உருண்டைக்குப் பொருந்தும் குழலளவு அது. உள்ளே எட்டிப் பார்த்தால் அடியில் சிறு குமிழ், அதன் இரு பக்கமும் ஊசித்துளை. வாய் விளிம்பு நேராக இருந்தது, மடித்த தழும்பு இல்லை. மெசினில் வைத்துச் சுற்றினால் தலை வழுக்கிக்கொண்டு போனது.

கோதை என் சாச்சாவின் கையில் கொடுத்தேன். விரலால் வாயைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இத எங்க மகன் மடிக்கிற? மடிச்சா நாளைக்கு எப்படித் திரும்ப நிரப்புற? தேன்மெழுகு உருக்கி வாய அடைப்பம். மழைக்கும் ஒண்டும் செய்யாது."

மழை என்ற சொல்லில்தான் என் தேடல் திரும்பியது. ஈரம் பட்டால் கடதாசித் தோட்டா உப்பிவிடும், குழலுக்குள் போகாது. பயிர் காக்க ஐப்பசி, கார்த்திகை மழையில் பன்றிக்குக் காவல் இருந்தவனுக்கு அது உதவாது. அப்படியானால் இந்தக் கரையில் கடதாசித் தோட்டா யாருக்கு? முத்துக்குளிப்பு நடந்தது மாசி முதல் சித்திரை வரை, கடல் அடங்கியிருக்கும் வெயில் காலத்தில். அதை மேற்பார்க்கவே ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் 1801 முதல் 1804 வரை அரிப்பில் மாளிகை கட்டினார். 1906இல் மரிச்சுக்கட்டிக் குளிப்புக்கு வேலைக்கு வந்த வெள்ளை உத்தியோகத்தரில் லெனார்ட் வூல்ஃபும் ஒருவர். அவர்கள் வேட்டையாடப் பக்கத்திலேயே வில்பத்துக் காடு. வெயிலில் வந்து வெயிலோடு போனவர்களின் சாமான் இந்த மெசின், மழையிலும் இங்கேயே இருந்தவர்களின் சாமான் மெழுகு என்பதே என் முடிவு.

சாச்சா அதை ஏற்றுக்கொண்டார். ஒரு திருத்தம் மட்டும் சொன்னார்: "துரைமாருக்கு மெசின் சுத்திக் குடுத்தது எங்கட ஆக்கள்தான். என்ட வாப்பா சொல்லியிருக்கார்." வீட்டுக் கதையில் மெசின் எப்படி வந்ததென்று அப்போதுதான் விளங்கியது.

மெசினை உண்மையான தோட்டாவில் சோதிக்க முடியாது: அனுமதியில்லாமல் வெடிமருந்தோ கேப்போ வைத்திருப்பது குற்றம். 1956ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் அதற்கு முந்திய சுடுகலன் கட்டளைச் சட்டமும் இருக்கின்றன. அதனால் வெறும் கடதாசிக் குழாய் சுருட்டி மடித்துப் பார்க்கிறேன். ஒரு பக்கம் நன்றாக விழுகிறது, மறுபக்கம் கிழிகிறது. முளை தேய்ந்திருக்கிறது. மன்னாரில் கடைசல் வேலை செய்யும் ஒருவர் புது முளை கடைந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.