முத்திரையில்லாத் துப்பாக்கி

எங்கள் ஆலங்குளம் வட்டாரம் பாளையங்கள் சூழ்ந்திருந்த மண். இங்கே பழைய வாள் ஒன்று கிடைத்தால் அது பூலித்தேவனுடையதாகிவிடும். துப்பாக்கி என்றால் கட்டபொம்மனுடையதாகிவிடும். எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றிலும் அத்தகைய கைத்துப்பாக்கி இருந்தது. பெயர், எண், முத்திரை எதுவும் அதில் இல்லை. கட்டபொம்மன் படையினர் ஏந்தியது என்று அவ்வீட்டுப் பெரியவர் உறுதியாக நம்பினார்.

எழுத்தில்லாத பொருளும் பேசும். குழலினுள் பழைய மருந்து தங்கியிருக்கலாம் என்பதால், விசையைத் தொடாமல் மேசைமேல் வைத்து உருப்பெருக்கியால் பார்த்தேன். கிழக்கிந்தியக் கம்பெனியின் இதய வடிவ முத்திரையோ, பின்னாளைய சிங்க முத்திரையோ தென்படவில்லை. 1813இல் பர்மிங்காமில் நிறுவப்பட்ட சோதனைச் சாலையின் அடையாளமும் இல்லை. முத்திரை தேய்ந்தும் போயிருக்கலாம். ஆதலால் இதை மட்டும் கொண்டு முடிவு கூறலாகாது. திருகாணிகளின் தலைவெட்டுகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. அவை அரத்தால் கையாலேயே அறுக்கப்பட்டவை.

விசைதான் காலத்தைச் சொன்னது. கட்டபொம்மன் காலத்துத் துப்பாக்கி, சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிப்பது. இதிலோ கல்லைப் பற்றும் தாடை இல்லை. சிறு செப்பு மூடியை அடித்து வெடிக்கச் செய்யும் சுத்தியல் இருந்தது. அடிபட்டால் வெடிக்கும் மருந்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தும் முறைக்கு ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் காப்புரிமை பெற்றது 1807இல். செப்பு மூடி அதற்கும் பின்னர் வந்தது. கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16இல். பழைய விசையைப் பின்னாளில் மாற்றியமைக்கும் வழக்கமும் உண்டு. அப்படி மாற்றியிருந்தால், விசைத்தகட்டில் பழைய துளைகளை அடைத்த தடம் பெரும்பாலும் தெரியும். இதில் அத்தடமும் இல்லை.

இதைக் கேட்டதும் பெரியவரின் முகம் வாடியது. "அப்படியானால் இது வெறும் இரும்புதானா, ஐயா?" என்றார்.

"இல்லை, ஐயா" என்றேன். பாளையக்காரர் போர் முடிந்ததும், 1801 டிசம்பர் 1ஆம் நாள் வெளியான கம்பெனி அறிக்கை தென்னாட்டு மக்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்தது. அதற்குப் பின் வந்த காலத்தில், புதுமுறை விசை ஒன்றை உற்றுநோக்கி, உலைக்களத்தில் அரமும் சுத்தியலும் கொண்டு ஒருவர் இதைச் செய்திருக்கிறார். அவர் தம் பெயரைப் பொறிக்கவில்லை. காவல் நிலையத்தில் தெரிவித்து, சட்டப்படி இதைப் பாதுகாக்குமாறு கூறினேன்.

கட்டபொம்மனின் புகழுக்கு இந்தத் துப்பாக்கி தேவையில்லை. இதைச் செய்த கொல்லருக்கோ இதைத் தவிர வேறு சான்று இல்லை. இன்னொருவர் பெயரை இதன்மேல் ஏற்றினால், அந்த ஒரு சான்றும் அழிந்துவிடும்.