‘சைக்கிள்தானே!’ என்றால் சிக்கல்தான்... டோக்கியோவின் ‘குட்டி இந்தியா’வில் ஒரு மாலை நேரம்

டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில், எடோகாவா வார்டில் இருக்கிறது நிஷி கசாய். இங்கே வரும் மெட்ரோ ரயில் பாதையின் பெயர் ‘தோசாய்’. பெயரைக் கேட்டதும் நம் ஊர் தோசை ஞாபகம் வந்தால் தப்பில்லை. ஸ்டேஷனைச் சுற்றி நிஜமாகவே தோசை கிடைக்கும்!

2000-ம் ஆண்டையொட்டி, கம்ப்யூட்டர்களின் ‘ஒய் 2 கே’ பிரச்னையைச் சரிசெய்ய ஜப்பானுக்கு வந்த இந்திய ஐ.டி ஊழியர்கள் பலர் குடியேறிய பகுதி இது. இன்று ‘குட்டி இந்தியா’ என்றே சொல்கிறார்கள். மசாலா கடைகள், இந்திய உணவகங்கள், மாலையில் பூங்காவில் விளையாடும் நம் ஊர்க் குழந்தைகள் என ஏரியாவே கலகலப்பு. தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன.

இங்கே வீட்டுக்கு வீடு இருப்பது கார் அல்ல, சைக்கிள். முன்னால் கூடை, பின்னால் குழந்தை சீட் வைத்த சைக்கிளுக்கு ‘மமாசாரி’ என்று செல்லப்பெயர். ‘அம்மா சைக்கிள்’ என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்த ஸ்டேஷனான கசாயில், தரைக்கு அடியில் சுமார் 9,400 சைக்கிள்கள் நிறுத்தும் பார்க்கிங் இருக்கிறது. பெரும்பாலானவற்றை இயந்திரமே உள்ளே இழுத்துக்கொள்ளும். கார்டைக் காட்டினால் சில விநாடிகளில் உங்கள் சைக்கிள் மேலே வந்து நிற்கும்.

ஆபீஸ் முடிந்ததும்...

வேலை முடிந்து சக ஊழியர்களோடு ‘இசகாயா’வுக்குப் போவது ஜப்பானிய வழக்கம். சின்னச் சின்ன பதார்த்தங்களோடு பீர், சாகே அருந்தும் கடைகள் இவை. கடைசி ரயிலைப் பிடித்து ஸ்டேஷனில் இறங்கினால், வீடு பத்து நிமிட தூரம். காலையில் விட்டுப்போன சைக்கிள் காத்திருக்கும். “கார் ஓட்டினால்தானே தப்பு... சைக்கிள்தானே!” என்று மனசு சொல்லும். சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

குடித்துவிட்டு சைக்கிள் ஓட்டுவது ஜப்பானில் முன்பும் சட்டவிரோதம்தான். ஆனால், நிதானம் தவறும் அளவுக்குப் போதையில் இருந்தால் மட்டுமே தண்டனை இருந்தது. 2024 நவம்பர் 1-ம் தேதி அது மாறியது. இப்போது ஊதிப் பார்க்கும்போது ஒரு லிட்டர் மூச்சுக்காற்றில் 0.15 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தாலே 3 ஆண்டுகள் வரை சிறை அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம். நம் கணக்கில் ஏறக்குறைய 3 லட்சம் ரூபாய்! நிதானம் தவறிய நிலை என்றால் 5 ஆண்டுகள் வரை சிறை அல்லது 10 லட்சம் யென் வரை அபராதம்.

ஓட்டுபவரோடு இது முடிவதில்லை. அவர் சைக்கிளில் போவார் எனத் தெரிந்தும் மது கொடுத்தவருக்கு 2 ஆண்டுகள் வரை சிறை அல்லது 3 லட்சம் யென் வரை அபராதம் உண்டு. குடித்தவருக்கு சைக்கிள் கொடுத்தவருக்கோ, ஓட்டியவருக்கு உள்ள அதே தண்டனை. கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் சைக்கிளில் சிக்கினால், அந்த லைசென்ஸையே தற்காலிகமாக நிறுத்திவைக்கவும் வழி இருக்கிறது. நிரந்தரக் குடியுரிமைக்குக் காத்திருக்கும் வெளிநாட்டவருக்குக் கவலை இன்னும் அதிகம். அந்த விண்ணப்பத்தில் நன்னடத்தையும் பார்க்கப்படும்.

ஒரு பீர் என்ன செய்யும்?

5 சதவிகித ஆல்கஹால் உள்ள 500 மி.லி பீரில் சுமார் 20 கிராம் சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது. உடல் எடை, சாப்பிட்ட சாப்பாடு ஆகியவற்றைப் பொறுத்து, அந்த ஒரு கேனே சட்ட வரம்பைத் தொட்டுவிடலாம். அது உடலைவிட்டு முழுதாக வெளியேற சுமார் 4-5 மணி நேரம் ஆகும். காபி குடித்தாலோ, முகம் கழுவினாலோ இந்த நேரம் குறையாது.

சைக்கிளுக்கு இரண்டே சக்கரம். விழாமல் இருக்க மூளை ஒவ்வொரு நொடியும் கணக்குப் போட வேண்டும். மது முதலில் கைவைப்பது அந்தக் கணக்கில்தான். பேலன்ஸ் தடுமாறும், பிரேக் பிடிக்கும் கை தாமதமாகும். சீட் பெல்ட், ஏர் பேக் எதுவும் கிடையாது. விழுந்தால் தலைதான் தரையில் மோதும். 2023 ஏப்ரல் முதல் சைக்கிள் ஓட்டும் எல்லோரும் ஹெல்மெட் அணிய முயல வேண்டும் என்கிறது ஜப்பான் சட்டம். ஆனால், அணியாவிட்டால் அபராதம் இல்லை.

ஓட்டுபவருக்கு மட்டும்தான் ஆபத்து என்றும் நினைக்க முடியாது. 11 வயதுச் சிறுவன் சைக்கிளில் மோதி ஒரு பெண் படுகாயமடைந்த வழக்கில், சிறுவனின் தாய் சுமார் 9.5 கோடி யென் இழப்பீடு தர வேண்டும் என 2013-ல் கோபே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதில் மதுவுக்குச் சம்பந்தமில்லை. சைக்கிள் ஒரு குடும்பத்தையே எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு அது உதாரணம். டோக்கியோவில் 2020 ஏப்ரல் முதல் சைக்கிளுக்கும் இன்ஷூரன்ஸ் கட்டாயம்.

நம் ஊரில்?

இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவில், 100 மி.லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் என்பதே வரம்பு. ஜப்பானும் ரத்தத்துக்கு இதே அளவைத்தான் வைத்திருக்கிறது. ஆனால், நம் பிரிவு மோட்டார் வாகனங்களுக்கு மட்டும். சைக்கிள் அதில் வராது. அதற்காகத் தப்பித்தோம் என்று அர்த்தமில்லை. பொதுச் சாலையில் பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி எந்த வாகனத்தை ஓட்டினாலும், பாரதிய நியாய சன்ஹிதா 281-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

தள்ளிக்கொண்டே போகலாம்!

ஜப்பான் சட்டத்தில் ஒரு நல்ல விஷயம் உண்டு. சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தால், நீங்கள் பாதசாரி. பத்து நிமிடம் சைக்கிள் மிதிக்கும் தூரத்தை நடக்க அரைமணி நேரம் ஆகலாம். கால் தடுமாறும் அளவுக்குக் குடித்திருந்தால் சைக்கிளை ஸ்டேஷனிலேயே பூட்டிவிட்டு டாக்ஸி பிடிப்பதுதான் சரி.

பார்க்கிங்குக்கு ஒரு நாள் வாடகை கூடும், அவ்வளவுதான். காலையில் சைக்கிள் அங்கேயே இருக்கும். ஓட்ட நீங்களும் இருக்க வேண்டுமே!