மலைநாட்டு ரோதைகள்
ஹற்றனிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியா செல்வோர் தேயிலையின் பசுமையைக் கண்டு மகிழ்வர். நாமோ தொழிற்சாலைகளின் இயந்திரங்களையும் கண்டுவந்தோம்.

பெல்பாஸ்ட் நகரில் சாமுவேல் டேவிட்சன் 1881இல் நிறுவிய சிரோக்கோ ஆலையின் உலர்த்தும் இயந்திரங்கள் இம்மலைகளுக்கும் வந்தன. இன்று அவ்வாலை இல்லை. ஆக்கியோனே மறைந்தபின் அசல் உதிரிப் பாகத்துக்கு எங்கே போவது? தேய்ந்த பாகத்தையே மாதிரியாகக் கொண்டு உள்ளூர்ப் பட்டறைகளில் புதியது வார்க்க வேண்டியதுதான். வார்ப்பிரும்பு குளிர்கையில் நூற்றுக்கு ஏறத்தாழ 1 பங்கு சுருங்கும். அதனைக் கணக்கிடாது வார்த்த பற்சக்கரம் பொருந்தாது. கணக்கிட்டு வார்த்தது அசலைப் போலவே உழைக்கும். ரோதைமுனிக்குப் பூசையிடும் தொழிலாளர்க்கு, ரோதை சுழல்வதே வாழ்வு.

லொறியின் கதை வேறு. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின், ஏறத்தாழ 5 ஆண்டுகள் பழைய வாகனங்களே மலையேறின. மலிவான மாற்றுப் பிரேக் கட்டை பார்வைக்கு அசலை ஒத்திருக்கும். ஆயின் நெடிய இறக்கத்தில் சூடேறுகையில், தரங்குறைந்தது பிடிப்பை விரைவில் இழந்துவிடும்.

உலர்த்தி நின்றால் ஒருநாட் கொழுந்து பாழாகும். பிரேக் தவறினாலோ வீடு திரும்ப வேண்டியவர் திரும்பார். ஆதலின், அசலா மாற்றா என வினவுமுன், இது முறிந்தால் இழப்பது யாது என வினவுதல் நன்று.